இன்று தெரியும் இரத்தம், மூன்று வாரம் முன்பு விழுங்கியது

கன்றுக்குக் கழிச்சல் கண்டதும் கை தானாகப் புழு மருந்துப் புட்டியைத் தேடுகிறது. அல்பெண்டசோலோ ஃபென்பெண்டசோலோ ஒரு வேளை ஊற்றுவார்கள். கழிச்சல் நிற்காது. நான்கு நாள் கழித்து இன்னொரு வேளை. அதற்குள் கன்று எலும்பும் தோலுமாகிவிடும், மருந்து சரியில்லை என்று பழி விழும். பல நேரம் அந்தக் குடலில் புழுவே இருக்காது. கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் ஒட்டுண்ணி உள்ளே குடலை அரித்துக்கொண்டிருக்கும். அல்பெண்டசோல் போன்ற புழு மருந்து அதை ஒன்றும் செய்யாது.

அதனால் சாணத்தின் நிறத்தைப் பார்க்கும் முன் கன்று பிறந்த தேதியைப் பாருங்கள். வயது பாதி நோயைச் சொல்லிவிடும். பிறந்து நான்கு நாளுக்குள் வரும் கழிச்சலில் ஒட்டுண்ணிக்குப் பெரும்பாலும் பங்கில்லை; அது ஈ.கோலை போன்ற பாக்டீரியாவின் வேலை. ஐந்தாம் நாளிலிருந்து மூன்று, நான்கு வாரம் வரை கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி வரும் காலம். அதே வயதில் ரோட்டா, கொரோனா வைரஸ்களும் கூடவே வரும். மூன்று வாரம் தாண்டிய பிறகுதான் காக்சிடியா என்ற இன்னொரு ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. அது ஆறு மாதம் வரை, சில இடங்களில் ஒரு வயது வரைகூட விடாது. வெப்பமான பகுதிகளில், குறிப்பாக எருமைக் கன்றுகளில், பெரிய உருண்டைப்புழுவும் மூன்றாம் வாரத்துக்குப் பிறகே தலைகாட்டும். பத்து நாள் கன்று இரத்தமாகக் கழிந்தால் அதைக் காக்சிடியா என்று சொல்லவே முடியாது. அந்த ஒட்டுண்ணி குடலுக்குள் வளர்ந்து முடியவே பதினைந்து நாளுக்கு மேல் ஆகும். அத்தகைய கன்றுக்கு சால்மோனெல்லா, கிளாஸ்ட்ரிடியம் ஆகிய பாக்டீரியாக்களைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும், அன்றைக்கே மருத்துவரை அழைக்க வேண்டும்.

காக்சிடியா: சேதம் முடிந்த பிறகுதான் இரத்தம்

காக்சிடியா என்று நாம் சொல்வது ஐமீரியா என்ற ஒட்டுண்ணி வகையை; மாட்டுக் கன்றுகளைத் தாக்கும் அதன் இனங்கள் பத்துக்கு மேல் உண்டு. அவற்றில் உண்மையான தொல்லை ஐமீரியா போவிஸ், ஐமீரியா சூர்னி இரண்டாலும்தான். மேய்ச்சல் நிலத்தில் அலபாமென்சிஸ் என்ற மூன்றாவது ஒன்றும் கழிச்சல் தரும். ஆனால் அதில் இரத்தம் வருவது அரிது.

சாணத்தில் வெளியேறும் காக்சிடியா முட்டை அந்த நொடியிலேயே நோய் பரப்பாது. ஈரம், காற்று, மிதமான சூடு மூன்றும் கிடைத்தால் இரண்டு மூன்று நாளில் முற்றும். குளிரில் ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். முற்றியதைக் கன்று நக்கி விழுங்கினால்தான் நோய். ஆக, விழுந்த சாணத்தை இரண்டு நாளுக்குள் அள்ளிவிட்டால் முட்டை முற்றும் முன்பே வெளியே போய்விடும். கழுவுவதைவிட அள்ளுவது முக்கியம் என்று சொல்வது இதனால்தான். தரையைக் கழுவி ஈரமாகவே விட்டுவிட்டால் முட்டைக்குத் தேவையான ஈரத்தை நாமே கொடுத்ததாகும்.

முற்றிய ஒரு முட்டைக்குள் எட்டு உயிரிகள் இருக்கும். போவிஸ் இனத்தில் அவை சிறுகுடலின் கடைப்பகுதிச் சுவருக்குள் புகுந்து, ஒவ்வொன்றும் ஒரு பெரிய உறையாக வளரும். இறந்த கன்றின் குடலைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தால் அந்த உறைகள் குண்டூசி முனை அளவில் வெண்புள்ளிகளாக வெறுங்கண்ணுக்கே தெரியும். ஒரு புள்ளிக்குள் ஒரு லட்சத்து இருபதாயிரம் வரை குஞ்சு உயிரிகள் அடைந்திருக்கும். உறை வெடித்ததும் அத்தனையும் பெருங்குடலுக்கு இறங்கி, அங்கே ஆளுக்கொரு செல்லில் நுழைந்து மீண்டும் பெருகி, அந்தச் செல்களைக் கிழித்துக்கொண்டு வெளியேறும். எட்டை ஒரு லட்சத்து இருபதாயிரத்தால் பெருக்குங்கள்: விழுங்கியது ஒரே முட்டை, பெருங்குடலுக்கு இறங்கக்கூடியவை ஒன்பது லட்சத்து அறுபதாயிரம். குடலின் உள்தோல் உரிந்து, இரத்தமும் சளியுமாகச் சாணத்தில் வருவது அந்தக் கடைசிக் கட்டத்தில்தான்.

இதற்கெல்லாம் மொத்தம் பதினாறு முதல் இருபத்தொரு நாள் ஆகிறது. இன்று வாலிலும் பின்தொடையிலும் இரத்தம் ஒட்டியிருந்தால், மூன்று வாரத்துக்கு முன் அந்தக் கன்றுக்கு என்ன மாறியது என்று பார்க்க வேண்டும். தனிக் கூண்டிலிருந்து கூட்டக் கொட்டகைக்கு மாற்றியிருப்பீர்கள், பெரிய கன்றுகளோடு சேர்த்திருப்பீர்கள், அல்லது நான்கு நாள் விடாத மழையில் படுக்கை நனைந்திருக்கும். பழைய கணக்கைத் தேடினால் காரணம் ஏறக்குறைய எப்போதும் கிடைக்கும்.

அறிகுறிகளில் கவனிக்க வேண்டியது முக்கல். கன்று வாலைத் தூக்கி, முதுகைக் கூனி, விடாமல் முக்கும்; வருவதென்னவோ ஒரு கரண்டி சளியும் இரத்தமும்தான். முக்கி முக்கி ஆசனவாய் பிதுங்கி வெளியே வந்துவிடுவதும் உண்டு. சூர்னி தாக்கிய கன்றுகள் சிலவற்றில் உடல் நடுக்கம், தலை பின்னால் வளைதல், வலிப்பு என்று நரம்புக் கோளாறும் சேரும். அவற்றில் பெரும்பகுதி பிழைப்பதில்லை. ஆனால் இப்படி வெளியே தெரியும் கன்றுகள் கொஞ்சம்தான். ஒரு கன்று இரத்தம் கழிந்தால், பக்கத்தில் பார்வைக்கு நன்றாக நிற்கும் பத்துக் கன்றுகளுக்கும் குடலில் அதே சேதம் குறைந்த அளவில் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். வால் லேசாக அழுக்காயிருக்கும், ரோமம் பளபளப்பு இழந்திருக்கும், தீவனத்தை முகர்ந்துவிட்டு நகரும், எடை ஏறாது. உண்மையான நட்டம் இந்தக் கன்றுகளில்தான். அதை யாரும் நோய் என்றே கணக்கில் வைப்பதில்லை.

மருந்தும் அதன் நேரமும்

ஆம்ப்ரோலியம் நெடுநாளாகப் பயன்பாட்டில் உள்ளது. நோய் கண்ட கன்றுக்குக் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் தினமும், 5 நாள். தடுப்புக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராம், 21 நாள். 50 கிலோ கன்றுக்குச் சிகிச்சை அளவு 500 மில்லிகிராம். 20 சதவீதப் பொடியாக இருந்தால் அது இரண்டரை கிராம். இந்த மருந்து ஒட்டுண்ணிக்குத் தயமின் என்னும் பி1 வைட்டமின் கிடைக்காமல் செய்துதான் வேலை செய்கிறது. ஆகவே அளவைக் கூட்டினாலோ நாளை நீட்டினாலோ கன்றுக்கே தயமின் குறைந்து மூளை பாதிக்கும், கண் தெரியாமல் சுவரில் முட்டி நிற்கும்.

சல்ஃபா மருந்துகளில் சல்ஃபாடைமெதாக்சின் முதல் நாள் கிலோவுக்கு 55 மில்லிகிராம், அடுத்த நான்கு நாள் அதில் பாதி. கிழிந்த குடலில் புகும் பாக்டீரியாவையும் இது தடுக்கும் என்பது கூடுதல் நன்மை. நீர்ச்சத்து வற்றிய கன்றுக்கு முதலில் நீரேற்றாமல் இதைக் கொடுத்தால் சிறுநீரகத்தில் படிகம் கட்டும். அந்த வரிசையை மாற்றக் கூடாது.

டோல்ட்ராசூரில் கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஒரே வேளை, வாய்வழி. மாட்டுக்கான 5 சதவீதக் கரைசலில் 10 கிலோ எடைக்கு 3 மில்லி என்று கணக்கு. 50 கிலோவுக்கு 15 மில்லி. கோழிக்கான 2.5 சதவீதக் கரைசல் வேறு. அது காரத்தன்மை மிக்கது, தண்ணீரில் பல மடங்கு கலந்து கோழிகள் குடிப்பதற்காகச் செய்யப்பட்டது. புட்டியின் பெயர் ஒன்றுபோல் இருக்கிறதே என்று அதை அப்படியே கன்றின் வாயில் ஊற்றக் கூடாது. டைக்ளாசூரில் என்றால் கிலோவுக்கு 1 மில்லிகிராம், ஒரே வேளை.

இந்த ஒரு வேளை மருந்துகளை இரத்தம் வந்த பிறகு கொடுத்தால், உரிந்துபோன குடல் தோலை அவை ஒட்டவைக்காது. சாணத்தில் வெளியேறும் முட்டையைக் குறைக்கும், அவ்வளவே. பலன் முழுதாகக் கிடைப்பது கன்று விழுங்கிய பிறகு, கழிச்சல் தொடங்கும் முன்பு உள்ள இடைவெளியில். கூட்டக் கொட்டகைக்கு மாற்றி மூன்று வாரத்தில் நோய் வருவது வாடிக்கையான பண்ணையில், மாற்றிய ஒன்றிலிருந்து இரண்டு வாரத்துக்குள், அந்தக் கொட்டகையின் எல்லாக் கன்றுகளுக்கும் ஒரே நாளில் கொடுக்க வேண்டும். மாற்றிய அன்றே கொடுப்பது அவசரக் கை. கன்று ஒட்டுண்ணியை இன்னும் சந்திக்கவே இல்லை, எதிர்ப்புச் சக்தியும் வளராது. குறைந்த அளவில் ஒட்டுண்ணி உள்ளே போய், குடல் அதைப் பழகிக்கொள்வதுதான் நிலையான பாதுகாப்பு. அந்தப் பாதுகாப்பும் சந்தித்த இனத்துக்கு மட்டுமே. போவிஸைத் தாண்டிய கன்றுக்குச் சூர்னி புதியதுதான்.

தீவனத்தில் கலக்கும் மோனென்சின், டெக்கோகினேட் போன்றவையும் பயன்படுகின்றன. கன்று அந்தத் தீவனத்தைப் போதுமான அளவு தின்றால்தான் மருந்து போய்ச் சேரும். கைப்பிடி அளவே கொறிக்கும் ஒரு மாதக் கன்றுக்கு அதை நம்பியிருக்க முடியாது. மோனென்சின் கலந்த தீவனம் குதிரைக்கு எட்டினால் குதிரை செத்துவிடும்; நாய்க்கும் ஆபத்து.

செய்யக் கூடாத ஒன்று: டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு ஊசி. கன்று ஒரு நாள் துள்ளும், பிறகு ஒட்டுண்ணி கட்டுக்கடங்காமல் பெருகும்.

எந்த மருந்தானாலும் கன்றை எடை போட்டுவிட்டுத்தான். சிறிய கன்றென்றால் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி நின்று, பிறகு ஆள் எடையைக் கழித்தால் போதும். அனுமதிக்கப்பட்ட மருந்துகளும், இறைச்சிக்கு அனுப்பும் முன் காத்திருக்க வேண்டிய நாட்களும் நாட்டுக்கு நாடு மாறும். மருத்துவர் எழுதித் தருவதையும் மருந்துப் புட்டியின் சீட்டில் உள்ளதையும் கடைப்பிடியுங்கள்.

நீரிழப்பு

ஒட்டுண்ணியை எண்ணிக் கவலைப்படுகிற அளவுக்கு நீரிழப்பை எண்ணுவதில்லை. பால்குடிக் கன்றைக் கொல்வது அதுதான். கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படிய வேண்டும். இரண்டு மூன்று நொடி கூடாரம் போல் நின்றால் வற்றிவிட்டது என்று பொருள். கண் குழியில் விழுந்து, இமைக்கும் விழிக்கும் நடுவே இடைவெளி தெரியும். 40 கிலோ கன்று எட்டு சதவீதம் வற்றினால் குறை 3.2 லிட்டர். இது அன்றாடத் தேவைக்கு மேலே, கழிந்துகொண்டே இருப்பதற்கும் மேலே.

வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள். உறிஞ்சினால் உப்புக்கரைசல் வாய்வழி கொடுக்கலாம்: வேளைக்கு 2 லிட்டர், நாளுக்கு இரண்டு மூன்று வேளை. கன்றுக்கான பொட்டலம் கைவசம் இல்லையென்றால் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான சுத்தமான தண்ணீரில் சாப்பாட்டு உப்பு 3.5 கிராம், சமையல் சோடா 2.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், குளுக்கோஸ் 20 கிராம். உலக சுகாதார நிறுவனம் மனிதருக்காக வகுத்த பழைய அளவு இது, அவசரத்துக்கு உதவும். விரலை உறிஞ்சவில்லை, வாய்க்குள் குளிர்ந்திருக்கிறது என்றால் நரம்பில்தான் ஏற்ற வேண்டும். வற்புறுத்தி ஊற்றினால் நுரையீரலுக்குள் போகும்.

பாலை நிறுத்தாதீர்கள். கழிச்சல் நிற்கட்டும் என்று இரண்டு நாள் பட்டினி போடுவது பழைய பழக்கம். குடல் தோல் மறுபடி வளரவே ஊட்டம் வேண்டும். பாலையும் உப்புக்கரைசலையும் மட்டும் ஒரே வாளியில் கலக்காமல், இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட்டுக் கொடுங்கள். சோடா கலந்த கரைசல் பால் திரைவதைக் கெடுக்கும்.

கிரிப்டோஸ்போரிடியம்: இதற்குக் காத்திருப்பே கிடையாது

காக்சிடியாவுக்கு உறவுதான், நடத்தை வேறு. இதன் முட்டை சாணத்தில் விழும்போதே முற்றியிருக்கும். இரண்டு நாளில் அள்ளிவிடலாம் என்ற கணக்கு இங்கே செல்லாது. சில பத்து முட்டைகளே நோய்க்குப் போதும், நோயுற்ற ஒரு கன்று கோடிக்கணக்கில் கழியும். விழுங்கிய நான்கைந்து நாளில் மஞ்சள் கலந்த தண்ணீராகக் கழிச்சல் தொடங்கி ஒன்று, ஒன்றரை வாரம் நீடிக்கும். இரத்தம் அநேகமாக இருக்காது.

குளோரின் இதை ஒன்றும் செய்யாது. வெயிலில் நன்றாகக் காய்வதும், 60 டிகிரிக்கு மேலான சூடும் கொல்லும். சாணப் படிவு போகத் தேய்த்துக் கழுவிய பரப்பில் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு பலன் தரும். படிவின் மேலேயே ஊற்றினால் வீண்.

ஹாலோஃபுஜினோன் என்ற மருந்து கிலோவுக்கு 100 மைக்ரோகிராம், தினம் ஒரு வேளை, ஏழு நாள். தடுப்பென்றால் பிறந்து இரண்டு நாளுக்குள், சிகிச்சையென்றால் கழிச்சல் தொடங்கிய 24 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும். பால் குடித்த பிறகே கொடுக்க வேண்டும். அளவு இரண்டு மடங்கானாலே நஞ்சு. நாள் கடந்து, வற்றிச் சோர்ந்த கன்றுக்குக் கொடுக்கவே கூடாது. இவ்வளவு குறுகிய வரம்புள்ள மருந்தைக் கண்மதிப்பில் ஊற்றுவது பெரிய தவறு.

இது மனிதருக்கும் தொற்றும். கையுறை போடுங்கள், சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். ஆல்கஹால் கலந்த கைத்திரவம் இதற்குப் போதாது. கழியும் கன்றைக் குழந்தைகள் கட்டிக்கொஞ்ச விடக் கூடாது.

பாலில் வரும் புழு

டோக்சோகாரா விட்டுலோரம் என்ற உருண்டைப்புழு, வெள்ளையாக, ஒரு சாண் நீளத்துக்கு மேல் வளரும். 30 சென்டிமீட்டர் வரைகூடப் போகும். தாய் மாட்டின் தசையில் உறங்கும் இளம்புழு, ஈன்ற நாட்களில் விழித்து மடிக்கு வந்து, சீம்பாலிலும் பாலிலும் கன்றுக்குள் இறங்குகிறது. தொழுவம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் கன்றுக்கு வருவது இதனால்தான். அதற்காகச் சீம்பாலை நிறுத்திவிடக் கூடாது. பிற நோய்களிலிருந்து கன்றைக் காப்பதே அதுதான்.

மூன்று வாரம் தாண்டியதும் களிமண் நிறத்தில் நாற்றமடிக்கும் கழிச்சல், பானை போன்ற வயிறு, சிலிர்த்த ரோமம், மூச்சில் புளித்த ஒரு வாடை. பந்தாகச் சுருண்டு குடலை அடைத்துக் கொல்வதும் உண்டு. பலர் வயிறு உப்பிய பிறகே மருந்து கொடுக்கிறார்கள். அப்போது ஒரே நேரத்தில் சாகும் புழுக்கூட்டமே குடலை அடைக்கக்கூடும், முட்டையும் ஏற்கெனவே தொழுவமெங்கும் பரவியிருக்கும். 10 முதல் 16 நாள் வயதில், புழு முட்டையிடும் முன்பே, இளம்புழுவையும் கொல்லும் பைரண்டல், லெவாமிசோல் போன்ற ஒன்றை ஒரு முறை கொடுப்பதே சரியான நேரம். பைரண்டல் அந்த வயதுக் கன்றுக்கு 250 மில்லிகிராம். லெவாமிசோல் கிலோவுக்கு 7.5 மில்லிகிராம்; அதில் அளவு மீறினால் வாயில் நுரை, நடுக்கம் வரும்.

சாணப் பரிசோதனை

தரையில் கிடப்பதை எடுக்காதீர்கள். ஆசனவாயில் கையுறை விரலை விட்டுப் பத்து கிராம் அளவு எடுத்து, குளிர்ச்சியில் வைத்து அனுப்புங்கள். ஒரு கன்றின் சாணம் எதையும் உறுதி செய்யாது. ஒரே வயதுள்ள ஐந்தாறு கன்றுகளிலிருந்து, கழிபவை, கழியாதவை இரண்டிலும் எடுக்க வேண்டும். 3 கிராம் சாணத்தை, முட்டையை மிதக்கவைக்கும் 42 மில்லி திரவத்தில் கரைத்து, மெக்மாஸ்டர் என்னும் இரண்டு அறை கொண்ட எண்ணும் கண்ணாடியில் எண்ணினால், இரண்டு அறைகளிலும் கண்ட முட்டைகளை 50 ஆல் பெருக்கக் கிராமுக்கு எத்தனை என்று தெரியும்.

எண்ணிக்கையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. இரத்தம் வந்த முதல் ஓரிரு நாளில் முட்டை சுத்தமாக இல்லாமலும் இருக்கும். மறுபக்கம், தீங்கற்ற இனத்தின் முட்டைகள் ஆயிரக்கணக்கில் தெரிந்தும் கன்று நலமாயிருக்கும். போவிஸ் முட்டை கோழிமுட்டை வடிவில் சற்றுப் பெரிது, சூர்னி சிறிதாக உருண்டையாக இருக்கும். இனம் பார்த்துச் சொல்லும்படி ஆய்வகத்தைக் கேளுங்கள். கிரிப்டோஸ்போரிடியம் முட்டை இவற்றைவிட மிகச் சிறியது, 5 மைக்ரான்தான். திருத்திய சீல்-நீல்சன் சாயத்தில் சிவப்புப் புள்ளியாகத் தெரியும். தனியாகக் கேட்காவிட்டால் அதை யாரும் தேட மாட்டார்கள்.

கொட்டகையில்

படுக்கை ஈரத்தை அறிய முழங்காலை ஊன்றி இருபது நொடி நில்லுங்கள். எழும்போது துணி நனைந்திருந்தால் கன்றுக்கும் அது ஈரம்தான். அதிகம் நனைவது தண்ணீர்த் தொட்டியைச் சுற்றியும் தீவனத் தொட்டியின் கீழும். கன்றுகள் கூடி நிற்பதும் அங்கேதான், முட்டை முற்றுவதும் அங்கேதான். தொட்டியின் விளிம்பு கன்றின் பின்புறத்தைவிட உயரமாக இருந்தால் சாணம் உள்ளே விழாது. தீவனத்தைத் தரையில் கொட்டக் கூடாது. ஒரே அடைப்பில் உள்ள கன்றுகளின் வயது இடைவெளி இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் போகாமல் பாருங்கள். பார்வைக்கு நன்றாக இருக்கும் பெரிய கன்றுதான் சிறியதற்கு முட்டையை ஊட்டுகிறது.

வேலையைச் சின்னக் கன்றிலிருந்து தொடங்கிப் பெரியதற்கு வந்து, நோயுற்றதைக் கடைசியில் முடியுங்கள். வாளி, பால் புகட்டும் ரப்பர் காம்பு எல்லாவற்றையும் முதலில் வெதுவெதுப்பான நீரில் அலசி, பிறகு சுடுநீரும் சோப்பும்; எடுத்ததும் சுடுநீர் ஊற்றினால் பால் படிந்து ஒட்டிக்கொள்ளும். கவிழ்த்து வெயிலில் காயவையுங்கள். பினாயில் வாடை வந்தால் சுத்தம் என்று இருந்துவிடக் கூடாது. காக்சிடியா முட்டை சாதாரண கிருமிநாசினிகளைத் தாங்கி, ஈரமான நிழலில் ஓராண்டுகூட உயிரோடு கிடக்கும். காக்சிடியாவுக்கென்றே குளோரோகிரெசால் கலந்து வரும் கிருமிநாசினியோ, கொதிநீராவியோதான் தாக்கும்.

அள்ளிய சாணத்தைக் கன்றுகள் மேயும் நிலத்தில் பச்சையாகப் போடாதீர்கள். குவித்து, உள்ளே சூடேறியதும் புரட்டி, வெளிப்புறத்தில் இருந்தது நடுவுக்குப் போகும்படி மறுபடி குவியுங்கள். ஓரத்தில் ஆறிக் கிடக்கும் சாணத்தில் முட்டை சாகாது.